ஆரோக்கியத்தின் ஜெனரேட்டரும் ரெஜினாவின் பெட்டியும்

போன வாரம் பெண்ணாடத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். கரும்பு போடுகிறவர். இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

"சார், எங்க கான்ட்ராக்டர் ஜெனரேட்டர் வேணாங்கிறாரு. பேட்டரி பெட்டி கொண்டாறேன்னு சொல்றாரு. நீங்க மாடி கட்டினப்ப அதான் வெச்சிருந்ததா எழுதியிருந்தீங்களே. எப்பிடி சார், நம்பலாமா?"

நான் எழுதியது ஒரே ஒரு வரி. அதையும் ஞாபகம் வைத்திருக்கிறார். இந்தப் பத்தியின் வாசகர்களிடம் இதுதான் சிக்கல்... எதையும் சும்மா எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது.

மின்சாரம் பற்றி எனக்குத் தெரிந்தது, பில் வந்தால் கட்ட வேண்டும் என்பது மட்டும்தான். அதனால் அவரிடம் நம்பலாம் என்றோ கூடாது என்றோ சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்த விஷயம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள். மாற்றிவிட்டேன்.

எங்கள் வீடு சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற பக்கம் இருக்கிறது. கீழே நாங்கள். மாடியில் இரண்டு அறை எழுப்பி வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தோம். அதாவது, என் மனைவி முடிவு செய்தாள். நான் தலையாட்டினேன்.

கான்ட்ராக்டர் பெயர் ரெஜினா. கடலூர் முதுநகர்ப் பெண். சிவில் இன்ஜினியரிங் படித்தவர். ஸ்கூட்டியில் வருவார். அதிகம் பேசமாட்டார். கொத்தனார் ஒரு கல்லைக் கோணலாக வைத்தால் திட்டமாட்டார். அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்தில் கொத்தனார் தானாகவே அதைப் பெயர்த்துவிட்டு வேறு கல் வைப்பார். என்ன டெக்னிக் என்று ஒருநாள் கேட்டேன். "டெக்னிக்லாம் இல்ல சார். என்னா சொல்றதுன்னு யோசிப்பேன். அதுக்குள்ள அவுங்களே மாத்திடுறாங்க" என்றார்.

ரெஜினாவோடு கூடவே வந்தவர் ஆரோக்கியசாமி. கடலூரில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறார். ரெஜினாவின் அக்கா பிலோமியின் கணவர். அதனால் ரெஜினாவுக்கு மாமா. சைட்டில் வேலை செய்கிற எல்லோருமே அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். மடித்துக் கட்டிய லுங்கி, பாக்கெட்டில் ஒரு ஸ்பேனர், கையில் எப்போதும் ஒரு துணி. மெஷினைத் துடைத்துக்கொண்டே இருப்பார். தன் முகத்தை அந்த அளவுக்குத் துடைத்து நான் பார்த்ததில்லை.

ஊருக்குள்தானே வீடு, எதற்கு ஜெனரேட்டர்? நானும் கேட்டேன். எங்கள் தெருவில் பகலில் வோல்டேஜ் படுத்துவிடும். கிரைண்டர் போட்டு டைல்ஸ் அறுத்தால் எதிர் வீட்டு டிவி அணையும். எதிர் வீட்டில் சீரியல் பார்ப்பவர்கள் அதை லேசாக எடுத்துக்கொள்வார்களா? அதனால் ஆரோக்கியத்தின் பெட்ரோல் ஜெனரேட்டர் வந்தது. சக்கரம் வைத்தது. கயிற்றை இழுத்தால் தெருவே எழுந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. ரெஜினா படிப்பை முடித்த புதிதில், ஒரு பெண்ணை நம்பி வீடு கட்டக் கொடுக்க யாரும் முன்வரவில்லையாம். ஆரோக்கியம்தான் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் போய், "எங்க ரெஜி கட்டுவா. கோணலா இருந்தா என்னை வந்து கேளு" என்று சொல்லி முதல் வேலையை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து ரெஜினா எங்கே கட்டினாலும் மாமாவின் மெஷின்தான் ஓடும். பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. குடும்பத்தில் சில விஷயங்கள் யாரும் பேசாமலே சட்டமாகிவிடும், இல்லையா?

அந்தச் சட்டம் உடைந்தது ஐப்பசி மழையில்.

அன்று காலையிலிருந்தே மழை. காற்றோடு சாய்ந்து அடித்தது. மாடியில் கூரை போட்டாகிவிட்டது, உள்ளே டைல்ஸ் வேலை நடக்கிறது. ஜெனரேட்டர் வழக்கமாக வாசல் பக்கம் நிற்கும். மழை வந்ததும் ஆரோக்கியம் அதை எங்கள் கார் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டார். எங்களிடம் கார் கிடையாது. பழைய சைக்கிளும் சிமென்ட் மூட்டைகளும்தான் அங்கே இருந்தன. சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஷட்டரையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாடிக்குப் போகும்போது ரெஜினா பார்த்திருக்கிறார். குனிந்து, "மாமா, வெளிய தள்ளி வைங்க. புகை சுத்துது" என்று சொல்லியிருக்கிறார்.

"மழைல வெச்சா ஷாக் அடிக்கும்மா. மெஷினும் போயிடும். நீ மேல போய் வேலையப் பாரு."

அவர் சொன்னதில் பாதி சரி. மழையில் வைத்தால் ஷாக் அடிக்கும்தான். மீதிப் பாதியை யார் யோசிப்பது?

மதியச் சாப்பாட்டுக்கு வேலையை நிறுத்தினார்கள். ஜெனரேட்டரை அணைக்கச் சொல்ல ரெஜினா போன் செய்தார். எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் போன் எங்கே கேட்கும் என்று இறங்கி வந்தார். நான் முன்னறையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அவர் ஷட்டருக்குக் கீழே குனிவது தெரிந்தது. அடுத்த நொடி, ஷட்டரை இரண்டு கையாலும் மேலே தள்ளினார். அது கிறீச்சிட்ட சத்தம் ஜெனரேட்டரையும் மீறிக் கேட்டது.

நான் வெளியே ஓடியபோது அவர் ஆரோக்கியத்தைக் கக்கத்தில் கை கொடுத்து மழைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். சித்தாள் வேலை பார்க்கிற அம்மா கால்களைத் தூக்கினார். ஆரோக்கியத்தின் தலை துவண்டு கிடந்தது. தூங்குகிறவர் போலத்தான் முகம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. மெஷின் ஓடும்போது கண்ணை மூடுகிற ஆள் இல்லை அவர்.

கொத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் மெஷினை அணைத்துவிட்டு வந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரெஜினா வழி முழுக்க, "மாமா... மாமா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். குரலை உயர்த்தவில்லை. கோணல் கல்லைப் பார்க்கிற மாதிரியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது, அதற்கு நெடி கிடையாது, மூடின இடத்தில் தேங்கினால் ஆள் உட்கார்ந்தபடியே போய்விடுவார் என்றார். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், ரெஜினாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஆரோக்கியம் கண்ணைத் திறந்தார். தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். அப்புறம் சுற்றிலும் பார்த்தார். ரெஜினாவைக் கிட்டே கூப்பிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"ரெஜி, ஒங்கக்காகிட்ட புகைன்னு சொல்லாத."

"ஏன் மாமா?"

"சொன்னா அவ எல்லா மெஷினையும் வித்துட்டுத்தான் மறுவேலை பாப்பா. ஒனக்குத் தெரியாதா அவள?"

"அப்ப என்னன்னு சொல்றது?"

"சுகர் கொறஞ்சி மயக்கம் வந்துடுச்சின்னு சொல்லு."

"ஒங்களுக்குதான் சுகரே இல்லையே மாமா."

"இனிமே இருக்குதுன்னு வெச்சிக்க."

 ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா சொல்லமாட்டேன்னு சொல்லும்மா" என்றார் ஆரோக்கியம். பெரிய உடம்புக்காரர். கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன். ரெஜினா, "சொல்லல மாமா" என்றார்.

கடலூரிலிருந்து பிலோமி வந்து சேர்ந்தபோது கணவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து சுகர் கதையை அவரே சொல்லி முடித்துவிட்டார். என்னிடமும் என் மனைவியிடமும் ரெஜினா ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்... தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள். சரி என்றோம். அடுத்தவர் குடும்பத்து ரகசியத்தைக் காப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். வாய் சும்மா இருந்தால் போதுமே.

ரெஜினா அந்த வாரம் என்ன செய்தார் தெரியுமா? பரங்கிப்பேட்டையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வேலை எப்படிப் போகிறது என்று தினமும் வீடியோ காலில் பார்ப்பார். அவர்தான் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்... "இங்க சைட்ல எல்லாம் இப்ப பேட்டரி பெட்டிதான் ஜாஸ்திம்மா. புகை கெடையாது, சத்தம் கெடையாது." அதுவரை ரெஜினா அதைக் காதில் வாங்கவில்லை. மாமா இருக்கும்போது பெட்டி எதற்கு? இப்போது புதுச்சேரிக்குப் போய் ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

சின்ன ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்டு சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. ராத்திரியில் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது எங்கள் வீட்டு லைனிலேயே சார்ஜ் ஏறும். பகலில் கிரைண்டர், டிரில்லிங் மெஷின், லைட் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து கரண்ட். எதிர் வீட்டு டிவியும் பிழைத்தது.

முதல் நாள் கொத்தனார் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "ஓடுதா மேடம்?" என்றார். ஓடுகிறது என்றார் ரெஜினா. "சத்தமே காணுமே" என்றார் இவர். நம்பிக்கை வரவில்லை. நமக்குச் சத்தம் போடுகிற எதன் மேலும்தான் நம்பிக்கை வருகிறது... தலைவர்களாகட்டும், மிக்ஸியாகட்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். ஜெனரேட்டர் போன பிறகும் வேலைக்காரர்கள் இரண்டு நாள் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தில் நிற்கிறவரிடம் கரண்டி கேட்கக்கூட ஒரு கத்தல். அப்புறம் மெல்ல மெல்லக் குரல் இறங்கியது. சித்தாள் அம்மா நன்றாகப் பாடுவார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் ஆரோக்கியம் வந்தார். வண்டியில் மெஷினைக் கட்டிக்கொண்டு, நன்றாகத் தேறி, ஷேவ் செய்துகொண்டு வந்தார். கேட்டுக்கு உள்ளே நுழைந்தவர் பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து மாடிக்குப் போகிற வயரைப் பார்த்தார். கிரைண்டர் ஓடுகிற சத்தம் மேலே கேட்டது. 

ரெஜினா இறங்கி வந்தார். "மாமா, இப்ப எதுக்கு வந்தீங்க? ரெஸ்ட்ல இருங்கன்னு சொன்னேன்ல."

"இது என்னா?"

"பேட்டரி மாமா. இனிமே சைட்டுக்கெல்லாம் இதுதான்னு இருக்கேன்."

"இனிமே மெஷின வெளியிலதான் வெச்சிக்கிறேம்மா."

"வெப்பீங்க. மழை வந்தா உள்ள தள்ளுவீங்க. மெஷின் நனைஞ்சா ஒங்களுக்குத் தாங்காது. எனக்குத் தெரியும்."

ஆரோக்கியம் என்னைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா சார். அன்னிக்கு என்னை வெளிய இழுத்துப் போட்டா. சந்தோஷம், உசுரு பொழச்சேன். இன்னிக்கு என் மெஷினையும் வெளிய இழுத்துப் போட்டுட்டா." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ரெஜினாவின் சைட்டுகள்தான் அவருக்கு வருஷம் முழுக்க வருகிற வேலை. மற்றதெல்லாம் கல்யாணம், கோயில் திருவிழா, மாதா கோயில் தேர். மாசக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு ஒரே வாரத்தில் எல்லாம் வரும். அது ரெஜினாவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தார். அன்று மாலை என் மனைவியிடம் சொன்னார்: "ஷட்டருக்குக் கீழ குனிஞ்சி பாத்தது நான்தான் மேடம். அந்த நேரத்துல எனக்கு ஒரே ஒரு நெனப்புதான். அக்காகிட்ட எப்பிடிச் சொல்லப் போறேன்னு. இன்னொருவாட்டி என்னால குனிய முடியாது."

சரி, இதைப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே? முடியாது. சத்தியம் வாங்கியிருக்கிறாரே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து நேராக பிலோமி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. ரெஜினா தனியாக வந்து மாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிலோமி படியேறிப் போகவில்லை. கீழே முற்றத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"ஏன் ரெஜி, அவரு சுகரு வந்து படுத்த நேரமாப் பாத்துதானா ஒனக்குப் புத்தி வந்துது? நல்லா இருக்கறப்ப மாமா மாமான்னு அவரு மெஷின வெச்சிக்கின. முடியாமப் போனதும் பெட்டியக் கொண்டாந்து எறக்கிட்ட. வேத்தாளு செஞ்சிருந்தா நான் கேக்கமாட்டேன். ஒனக்கு மொத வேல வாங்கிக் குடுத்தது யாரு?"

ரெஜினா ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றார். தண்ணீர் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"பேசமாட்டியே. ஒனக்கு எப்பவும் இதே வேல. கல்லு மாதிரி நிப்ப."

என் மனைவிக்குத் தாங்கவில்லை. "அம்மா, நீங்க நெனைக்கிற மாதிரி..." என்று ஆரம்பித்தாள். மேலேயிருந்து ரெஜினா அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம். என் மனைவி, "...காப்பி சாப்பிடறீங்களா?" என்று அந்த வாக்கியத்தை முடித்தாள். வாய் சும்மா இருந்தால் போதும் என்று நான் நினைத்தேனே, அது எவ்வளவு பெரிய வேலை என்று அன்று தெரிந்தது.

காப்பி வேண்டாம் என்று பிலோமி போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஆரோக்கியம்? அவர் வீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஆமாம். சுகர் குறைந்துவிடக் கூடாது என்று மனைவி வேளா வேளைக்கு பிஸ்கட்டும் வெல்லமும் கொடுத்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னவர் மெல்லத்தானே வேண்டும்?

கார்த்திகையில் புயல் வந்தது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் புதிதாக என்ன வர்ணிக்கப் போகிறேன். மரம் விழுந்தது, கம்பம் சாய்ந்தது, கரண்ட் போனது.

எங்களுக்கு ஒரு பிரச்சினை கூடுதலாக இருந்தது. வாடகைக்கு வருகிறவர்களுக்காக மாடிக்கு வெளிப்பக்கமாகத் தனியாக ஒரு படி வைக்கத் தூணுக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டின இடம். பள்ளம் நிறைந்து, ஓரத்து மண் கரைய ஆரம்பித்தது. சுவரில் நீளமாக ஒரு விரிசல். அந்தப் பக்கம் சுவரை ஒட்டி அவர்களுடைய குளியலறை. சுவர் சாய்ந்தால் அதன் மேல்தான் விழும்.

ரெஜினா மோட்டாரைப் பெட்டியில் மாட்டித் தண்ணீரை இறைத்தார். முதல் நாள் முழுக்க ஓடியது. சத்தமில்லாமல் வேலை செய்த அந்தப் பெட்டி, மறுநாள் காலை சத்தமில்லாமல் நின்றது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஏற்றலாம் என்றால் ஊரிலேயே கரண்ட் இல்லை. மழை விடவில்லை. பள்ளம் மறுபடி ஏறுகிறது.

ரெஜினா சிதம்பரத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் போன் செய்தார். எல்லாம் வெளியே போய்விட்டது. ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், கல்யாண மண்டபம். பக்கெட் வைத்து இறைக்க ஆரம்பித்தார்கள். சுவர் விரிசல் இன்னும் கொஞ்சம் அகலமானது.

"ஆரோக்கியத்துக்குப் போடுங்களேன்" என்றேன்.

"வேணாம் சார். எந்த மொகத்த வெச்சிக்கின்னு கூப்புடறது?"

என் மனைவி உள்ளே போய்ப் போன் செய்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு சின்ன லோடு வண்டி வந்து நின்றது. தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஆரோக்கியம் இறங்கினார். அந்தப் பக்கக் கதவு வழியாகப் பிலோமியும் இறங்கினார். சுகர்காரரைத் தனியாக அனுப்ப மாட்டாராம். கையில் குடை, பை, பைக்குள் பிஸ்கட் பாக்கெட்.

ரெஜினாவிடம் ஆரோக்கியம் பேசியது இவ்வளவுதான்: "ஊர்ல இருக்கற எல்லாருக்கும் போன் போட்டியாமே. என் நம்பர் மட்டும் அழிஞ்சிப் போச்சா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மெஷினை இறக்கினார்.

எங்கே வைப்பது? தெரு முழுக்கத் தண்ணீர். மேலே கொட்டுகிற மழை. ஆரோக்கியம் வாசலில் மெஷினைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

பிலோமி குடையைப் பிடித்தபடி சொன்னார்: "ஏங்க, எதுக்கு நனைஞ்சிக்கின்னு நிக்கறீங்க? அதோ ஷெட்டு சும்மாதான இருக்குது. உள்ள தள்ளிட்டு நீங்களும் அப்பிடியே ஒக்காருங்க. நனைஞ்சா ஒடம்பு தாங்குமா?"

நல்ல மனதோடு சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாதே. ஷெட்டின் ஷட்டரைத் தானே போய்த் திறக்கவும் செய்தார். உள்ளே அதே பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது.

ரெஜினா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார். வாய் திறந்தார். மூடிக்கொண்டார். சத்தியம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆரோக்கியத்தையே பார்த்தார்.

"அங்க வெக்கக் கூடாது" என்றார் ஆரோக்கியம்.

"ஏன்?"

"கூடாது பிலோமி. புகை தேங்கும்."

"இத்தினி வருஷமா இல்லாத புகையா?"

 ஆரோக்கியம் கையில் இருந்த துணியால் முகத்தைத் துடைத்தார்.

"அன்னிக்கு நான் அந்த நாற்காலிலதான் விழுந்தேன். சுகரு இல்ல ஒண்ணும் இல்ல. ஷட்டர எறக்கிட்டு உள்ள ஒக்காந்தேன், புகை அடிச்சிடுச்சி. ரெஜிதான் இழுத்துப் போட்டா. இன்னும் செத்த நேரம் போயிருந்தா நான் இல்லன்னு டாக்டர் சொன்னாரு. ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

பிலோமி குடையை மடக்கவில்லை. கணவரைப் பார்த்தார். ஷெட்டைப் பார்த்தார். கடைசியாகத் தங்கையைப் பார்த்தார்.

"நான் வந்து அந்தப் பேச்சு பேசினப்ப... ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் நின்ன."

 பிலோமி வாசல் படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். ஒன்றை எடுத்துத் தானே தின்றார். அப்புறம் பாக்கெட்டைத் தங்கை பக்கம் நீட்டினார். ரெஜினா சேறு படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒன்று எடுத்துக்கொண்டார். ஆரோக்கியத்துக்கு யாரும் நீட்டவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் வேலை. தெருக்கோடியில் மேடான இடம் ஒன்று இருந்தது. அங்கே செங்கல் அடுக்கி, அதன் மேல் மெஷினை ஏற்றி, நாலு கட்டை நட்டு மேலே தகரம் போட்டார்கள். சுற்றிலும் திறந்தவெளி. நீளமான வயரை மரக் கிளைகளில் மாட்டி வீட்டுக்கு இழுத்தார்கள். ஆரோக்கியம் கயிற்றை இழுத்தார். தெரு எழுந்தது. சாயங்காலத்துக்குள் பள்ளம் வற்றியது. மண் மூட்டைகளை அடுக்கிச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். சுவர் நின்றது. அப்படியே பெட்டிக்கும் அதே மெஷினிலிருந்து சார்ஜ் போட்டார்கள். தகரத்துக்குப் பக்கத்தில், குடைக்குள், அத்தனை நேரமும் பிலோமி கணவரோடு நின்றார். காவலுக்கா, கோபத்துக்கா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். பாதிதான் முடிந்தது. சகோதரிகள் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் ரெஜினாவின் சைட்டுகளுக்கு ஆரோக்கியத்தின் மெஷின் திரும்பப் போகவில்லை. ரெஜினா அதில் இறங்கிவரவில்லை. ஆரோக்கியம் பயந்தபடி பிலோமி எல்லா மெஷினையும் விற்றுவிடவும் இல்லை. ரொம்பப் பழையதை மட்டும் விற்றார்கள். அந்த இடத்துக்கு ஒரு பேட்டரி பெட்டி வாங்கியது பிலோமியின் யோசனை. கல்யாணத்துக்கும் ஃபங்ஷனுக்கும் வாடகைக்கு விடலாம் என்று. ஆரோக்கியம் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார். அதற்கும் ஒரு துணி வைத்துத் துடைக்கிறார் என்று கேள்வி.

போன மாசம் கடலூரில் ஒரு ரிசப்ஷன். சொந்தக்காரர் வீட்டுப் பெண். போனால், மேடைக்குப் பின்னால் ஆரோக்கியம். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். விளக்கு, மைக் எல்லாவற்றுக்கும் பெட்டிதான் தயார் நிலையில்.

நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சாம்பார் வந்துகொண்டிருந்தது. ஆரோக்கியம் வரிசைக்குள் நுழைந்து என் காதருகே குனிந்தார்.

"சார், கரண்ட் போயிடுச்சி."

நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு எல்லாம் எரிகிறது. மைக்கில் யாரோ வாழ்த்திக்கொண்டிருக்கிறார்.

"எப்ப?"

"இப்பதான். ஊரே இருட்டு சார். வெளிய போய்ப் பாருங்க. இங்க கண்ணு சிமிட்டக்கூட இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "முன்னெல்லாம் கரண்ட் போனா மண்டபமே 'ஓ'ன்னு கத்தும். நான் கயித்த இழுப்பேன். லைட்டு வரும். எல்லாரும் கை தட்டுவாங்க. சின்னப் புள்ளைங்க வந்து எட்டிப் பாக்கும். இப்ப ஒருத்தருக்கும் தெரியல சார்."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அங்கேயும் குனிந்தார். அப்புறம் அதற்கடுத்த இலைக்கு...

எந்தக் கஷ்டமும் தெரியாதபடி ஒருவர் பார்த்துக்கொண்டால், பாவம், அவரேதான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.